எண்களான ஊர்கள்

அகதிகளுக்கும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து ஒரே திட்டம், ஒரே நிதி என்று உலகம் இன்று பேசுவதை இந்தியா 1958லேயே செய்து பார்த்தது. தண்டகாரண்யத்தில் பணம் இருந்தது, இயந்திரம் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள். நிலம் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது.

ஒடிசாவின் தெற்குக் கோடியில் இருக்கும் மல்கான்கிரி மாவட்டத்தில் பல ஊர்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான். எம்.வி.-7, எம்.வி.-26, எம்.வி.-79. எம்.வி. என்றால் மல்கான்கிரி வில்லேஜ். மாநில எல்லையைத் தாண்டி சத்தீஸ்கரின் பகாஞ்சூர் பக்கம் போனால் பி.வி. வரிசை: பரல்கோட் வில்லேஜ். உமர்கோட்டில் யு.வி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காகக் காட்டைத் திருத்தி வரிசையாக ஊர் அமைத்தபோது வரைபடத்தில் அடையாளத்துக்காகப் போட்ட எண்கள் இவை. பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். அறுபது வருடங்களாகியும் எண்ணே நிலைத்துவிட்டது.

இந்த எண்களில் ஒன்று 2025 டிசம்பரில் நாடு முழுவதும் செய்தியானது. பக்கத்து ஊரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவரின் தலையில்லாத உடல் ஆற்றில் கிடைத்தது. சில நாட்களில் பழங்குடியினர் பெரும் கூட்டமாகத் திரண்டு வந்து எம்.வி.-26ல் வங்காளிகளின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் குவிக்கப்பட்டது, இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. கொலைக்குப் பின்னால் நிலத் தகராறு இருப்பதாகப் பேசப்பட்டது.

கொலை யார் செய்தது என்பது போலீசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் ஒரு கொலைக்கு ஒரு ஊரே எரிய வேண்டும் என்றால் அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அதன் வேர் 1958 செப்டம்பர் 12 தேதியிட்ட மத்திய அரசின் தீர்மானம் ஒன்றில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு கோபம் வரக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட தீர்மானம் அது.

தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையத்தை அமைத்த அந்தத் தீர்மானம் அதற்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தது. ஒன்று, கிழக்கு பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு மறுவாழ்வு. மற்றது, அந்தப் பிரதேசம் முழுவதன் வளர்ச்சி, குறிப்பாக அங்கே வாழும் பழங்குடியினரின் நலன். பிரதேசம் என்பது ஒரிஸாவின் கோராபுட், களஹாண்டி மாவட்டங்களும் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் மாவட்டமும். சுமார் 30,000 சதுர மைல், அதாவது தமிழ்நாட்டின் பரப்பளவில் பாதிக்கும் மேல். ராமன் வனவாசம் போன காடு என்று நாடறிந்த பெயரையே திட்டத்துக்கும் வைத்தார்கள். வனவாசம் போனவர்கள் 14 வருடங்களில் திரும்பிவிட்டார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அவசரம் டெல்லிக்கு இருந்தது. பிரிவினையின்போது பஞ்சாபில் மக்கள் இரு பக்கமும் ஒரே மூச்சில் இடம் மாறினார்கள்; போனவர்களின் நிலத்தை வந்தவர்களுக்குப் பங்கிட முடிந்தது. வங்காளத்தில் அப்படி நடக்கவில்லை. கலவரம் மூளும்போதெல்லாம் ஒரு அலை. 1958க்குள் சுமார் 41 லட்சம் பேர் வந்துவிட்டிருந்தார்கள். முதலில் வந்த படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் கல்கத்தாவைச் சுற்றித் தாங்களாகவே காலனிகள் அமைத்துக்கொண்டார்கள். முகாம்களில் தங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் பின்னால் வந்த நாமசூத்திர விவசாயிகள். பரிசால், குல்னா, ஃபரீத்பூர் மாவட்டங்களின் ஆற்றுப் படுகைகளில் நெல்லும் மீனும் படகுமாக வாழ்ந்த தாழ்த்தப்பட்ட சாதியினர். மேற்கு வங்காளத்தில் இனி இடமில்லை என்றது மாநில அரசு. மறுவாழ்வு அமைச்சர் மெஹர்சந்த் கன்னாவின் அமைச்சகம் முகாம்களை மூடத் தேதி குறித்தது. தண்டகாரண்யம் போக மறுத்தால் உதவித்தொகை நிற்கும் என்பது முகாம்வாசிகளுக்குச் சொல்லப்பட்ட செய்தி. அன்று எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகள் இதை எதிர்த்தார்கள்; வங்காளிகளை வங்காளத்திலேயே குடியேற்ற முடியும் என்று வாதாடினார்கள். அந்த வாதம் இருபது வருடம் கழித்து அவர்களிடமே திரும்பி வந்தது.

நாலில் ஒரு பங்கு

தாளில் பார்த்தால் திட்டம் நியாயமானது. நிலத்தை மாநில அரசுகள் கொடுக்கும். ஆணையம் மத்திய அரசின் செலவில் புல்டோசர் வைத்துக் காட்டைத் திருத்தும். திருத்திய நிலத்தில் 25 சதவீதத்தைப் பழங்குடியினரைக் குடியமர்த்துவதற்காக மாநிலத்திடம் திருப்பித் தரும். மீதி அகதிகளுக்கு, குடும்பத்துக்குச் சுமார் ஆறிலிருந்து ஏழு ஏக்கர். வீடு கட்டவும் உழவு மாடு வாங்கவும் கடனும் மானியமும். சாலை, கிணறு, மருத்துவமனை, பள்ளி எல்லாம் இரு தரப்புக்கும் பொது. நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து முதல் இரண்டு பொதுத் தேர்தல்களை நடத்திக் காட்டிய சுகுமார் சென், இந்த ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். சிறிய ஆட்களிடம் விட்ட வேலை அல்ல இது.

எங்கே தவறியது?

முதலில், ஆணையம் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்று. அதற்குச் சட்டம் கிடையாது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு 1948ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. தண்டகாரண்யத்துக்கு வெறும் அரசுத் தீர்மானம். கையில் பணம் இருந்ததே தவிர ஆணையிடும் அதிகாரம் இல்லை. எந்த நிலத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்வது மாநில வருவாய்த் துறை. மரம் வெட்ட அனுமதிப்பது வனத்துறை. பட்டா கொடுப்பது மறுபடியும் வருவாய்த் துறை. சட்டம் ஒழுங்கு மாநிலப் போலீஸ். பழங்குடி நலன் மாநிலத்தின் வேறொரு துறை. எந்த அகதிக் குடும்பத்தை ரயில் ஏற்றுவது என்பதில் மேற்கு வங்காளத்துக்கும் பங்கு. இத்தனை பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைப்பதுதான் ஆணையத்தின் வேலை. யாராவது ஒருவர் எழுந்து போனால் அவரை உட்கார வைக்க அதற்கு வழியில்லை.

ஆகவே மாநிலங்கள் கொடுத்த நிலம் எப்படிப்பட்டது என்பது ஊகிக்கக்கூடியதே. நல்ல நிலத்தை யாரும் கொடுக்கவில்லை. கிடைத்ததில் பெரும்பகுதி மேட்டு நிலம், தண்ணீர் நிற்காத சரளைச் செம்மண். புல்டோசர் மரத்தோடு மேல் மண்ணையும் வாரிக்கொண்டு போனது. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. பாஸ்கேல், பரல்கோட், சத்திகுடா என்று அணைகள் வந்தன. குடியேற்றத்துக்குப் பின்னால் வந்தன, எல்லா நிலத்துக்கும் போதாமலும் வந்தன. வண்டல் மண்ணில் காலை வைத்தால் முழங்கால்வரை புதையும் ஊரிலிருந்து வந்த விவசாயிக்கு இந்த மண்ணில் ஏர் பிடிக்கவே தெரியாது. அவர் முட்டாள் அல்ல. அவருக்குத் தெரிந்த விவசாயம் வேறு.

இரண்டாவது விஷயம் இன்னும் சிக்கலானது. காலி நிலம் என்று மாநிலங்கள் எழுதிக் கொடுத்தது பலவும் காலி நிலம் அல்ல. கோயாக்களும் கோண்டுகளும் மலைச்சரிவில் காட்டை எரித்துச் சாகுபடி செய்வார்கள். இரண்டு மூன்று போகம் எடுத்துவிட்டு, காடு மறுபடி வளர அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். போடு சாகுபடி என்பது அதுதான். ஓய்வுக்கு விடப்பட்ட நிலம் ரெவின்யூ கணக்கில் யாருடையதும் இல்லை, அதாவது சர்க்காருடையது. மாடு மேய்த்த இடம், இலுப்பைப் பூ பொறுக்கிய இடம், விறகு எடுத்த இடம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் அடங்கின. அந்தப் பக்கத்து மக்களுக்கு வெளியார் வருகை புதிதும் அல்ல. பரல்கோட் ஜமீன்தார் கேந்த் சிங் மராட்டியருக்கும் ஆங்கிலேயருக்கும் எதிராகக் கிளர்ச்சி செய்து 1825ல் தூக்கிலிடப்பட்ட மண் அது.

திருத்திய நிலத்தில் 25 சதவீதம் என்ற கணக்கை இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து பார்த்தால் அது பழங்குடியினருக்குக் கொடுத்த பங்கு. கோயா கிராமத்திலிருந்து பார்த்தால் நூறில் எழுபத்தைந்து போனது. அந்த இருபத்தைந்தும் ஆணையத்தின் கையிலிருந்து நேராக வரவில்லை. மாநிலத்துக்குப் போய், அதன் துறைகள் வழியாகச் சுற்றி வர வேண்டும். அகதிக்கு ஒரு தனி அலுவலகம், தனி நிதி, பெயர்ப்பட்டியல், ஊர் எண் என்று எல்லாம் இருந்தன. பக்கத்தில் இருந்தவருக்கு இருந்தது ஒரு சதவீதம். அவரை யாரும் கேட்கவும் இல்லை. அன்றைய நிர்வாகத்தில் அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சாலை பொதுதான். ஆனால் சாலை வழியாக வியாபாரியும் வட்டிக்காரரும் வந்தார்கள். ரயில் வந்தது, 60களின் பிற்பகுதியில். பைலாடிலாவின் இரும்புத்தாதுவை விசாகப்பட்டினம் வழியாக ஜப்பானுக்கு அனுப்புவதற்காக. மல்கான்கிரிக்கோ பரல்கோட்டுக்கோ அது போகவில்லை.

உள்ளிருந்தே ஒரு குரல்

இதையெல்லாம் பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் வந்து கண்டுபிடிக்கவில்லை. அப்போதே, ஆணையத்தின் தலைமை நாற்காலியிலிருந்தே, எழுந்த குரல் உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரியான சைபல் குமார் குப்தா 1963ல் தலைவராக வந்தார். ஒரு வருடத்துக்குள் விலகினார். 1965ல் ‘எகனாமிக் வீக்லி’ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். நிலத்தின் தரம், பாசனமின்மை, குடும்பங்களின் வருமானம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இந்த நிலத்தை நம்பி இந்தக் குடும்பங்கள் பிழைக்க முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். அதிகாரி பதவி விலகுவது அபூர்வம். விலகியபின் எண்களோடு எழுதுவது அதைவிட அபூர்வம். திட்டம் ஏதும் நடக்காததுபோல் நகர்ந்தது.

நிற்கவும் முடியாத நிலை. 1964ல் கிழக்கு பாகிஸ்தானில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு லட்சக்கணக்கில் புதிய கூட்டம் வந்தது. ராய்ப்பூர் அருகே மானா இடைத்தங்கல் முகாம் பிதுங்கியது. இடைத்தங்கல் என்று பெயர். அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வரை தங்கியவர்கள் உண்டு. குடியேற்றக் கணக்கைக் காட்ட வேண்டிய அவசரத்தில் மண் பார்த்து ஊர் அமைக்க நேரமில்லை.

1971ல் வந்த ஒரு கோடிப் பேரின் கதை வேறு. அவர்கள் திரும்பிப் போவார்கள் என்று அரசு முதல் நாளிலிருந்தே சொன்னது. பங்களாதேஷ் பிறந்ததும் போனார்கள். அந்தச் செலவுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் ஒட்டிய 5 பைசா ‘அகதிகள் நிவாரண’ தபால்தலை மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடே சேர்ந்து பணம் கொடுத்தது. தங்குவதற்கு வந்த அகதிக்கு அப்படி யாரும் தபால்தலை ஒட்டவில்லை.

1977ல் மேற்கு வங்காளத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. வங்காளத்திலேயே இடம் கொடுக்கலாம் என்று வாதாடியவர்கள் இப்போது அமைச்சர்கள். 1978 தொடக்கத்தில் தண்டகாரண்யத்தின் குடியேற்ற ஊர்கள் காலியாகத் தொடங்கின. கொடுத்த மாட்டையும் பாத்திரத்தையும் விற்றுவிட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரயிலேறினார்கள். ஜோதிபாசுவின் அரசு அவர்களை வரவேற்கவில்லை. பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியது. சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் தாங்களாகவே குடிசை போட்டு, பள்ளிக்கூடம் நடத்தி, மீன் பிடித்தார்கள். அரசிடம் அவர்கள் கேட்டது பணம் அல்ல, இருக்க விடுங்கள் என்பது மட்டும்தான். 1979 ஜனவரியில் தீவு முற்றுகையிடப்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் மிச்சமிருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பசி, நோய், குண்டு மூன்றிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் பிழைத்தவர்கள் கணக்கும் ஒட்டவே ஒட்டாது. அமிதாவ் கோஷ் 2004ல் எழுதிய நாவலுக்குப் பிறகுதான் வங்காளத்துக்கு வெளியே பலருக்கு அந்தத் தீவின் பெயரே தெரிய வந்தது.

இந்த வெளியேற்றம் பற்றி நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழு தனி அறிக்கையே தயாரித்தது. அதன்பின் 80களில் ஆணையம் தன் பொறுப்புகளை ஒவ்வொன்றாக மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கடை கட்டியது. தண்டகாரண்யம் என்றால் இப்போது பலருக்கு மாவோயிஸ்டுகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இருந்தும் ஊர்கள் அழிந்துவிடவில்லை. திரும்பி வந்தவர்களும் போகாமலேயே இருந்தவர்களும் அந்த மண்ணைப் படித்துக்கொண்டார்கள். பகாஞ்சூர் இன்று சத்தீஸ்கரில் மீன் குஞ்சு உற்பத்திக்குப் பேர் பெற்ற இடம். செம்மண் மேட்டில் குளம் வெட்டி மீன் வளர்த்தது ஆற்றுப் படுகைக்காரர்களின் பிடிவாதம். உள்ளூர்ச் சந்தையில் காய்கறி விற்பதும் வாங்குவதும் இரு தரப்பும்தான். பகைமை மட்டுமே அங்கே இருக்கிறது என்று எழுதுவது பொய்யாகிவிடும்.

ஆனால் இணைக்கப்படாத கோப்புகள் அப்படியே இருக்கின்றன. ஓர் உதாரணம் போதும். ஒரே முகாமிலிருந்து இரண்டு சகோதரர்கள் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மல்கான்கிரிக்கு, மற்றவர் பரல்கோட்டுக்கு. ஒடிசாவின் பட்டியலில் நாமசூத்திரர் தாழ்த்தப்பட்ட சாதி. சத்தீஸ்கரின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அண்ணன் பேரனுக்குக் கல்லூரியில் இடஒதுக்கீடு உண்டு, தம்பி பேரனுக்குக் கிடையாது. 1958ல் மூன்று மாநிலங்களின் பிரச்சினையை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத்தான் ஆணையம் அமைத்தார்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.

இப்போது உலகமும்

அகதி மட்டுமல்ல, அவருக்கு இடம் கொடுத்த ஏழையும் பலன்பெற வேண்டும் என்பது சர்வதேச அரங்கில் இப்போது பெரிய பேச்சு. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் உடன்பாடு அதை ஒரு கொள்கையாகவே வைத்தது. 1951ம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்திடாத இந்தியாவும் இதற்கு ஆதரவாக வாக்களித்தது. உலக வங்கி 2017ல் இதற்கென்றே ஏழை நாடுகளுக்கு 200 கோடி டாலர் ஒதுக்கியது. அகதிகளுக்கு நிலம் கொடுக்கும் உகாண்டாவில், நிவாரண நிதியின் பலனில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. தண்டகாரண்யத்தின் 25ஐவிட ஐந்து அதிகம். அங்கேயும் 2018ல் ஒரு சங்கடம் வந்தது. அகதிகளைக் கைரேகை வைத்து எண்ணிப் பார்த்தபோது பதிவேட்டில் இருந்த சுமார் 14 லட்சம் பேர் 11 லட்சமாகக் குறைந்தார்கள். எண்ணிக்கையை வைத்துத்தான் பணம் வருகிறது என்றால் எண்ணிக்கை வளரும். இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த மாதிரியின் சமீபத்திய பிரதி திரிபுராவில் இருக்கிறது. 1997ல் மிஜோரமிலிருந்து ஓடிவந்த புரூ பழங்குடியினர் 23 வருடங்கள் முகாம்களில் இருந்தார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை என்பதால் சட்டப்படி அவர்கள் அகதிகள் அல்ல. வாழ்க்கைப்படி வித்தியாசம் இல்லை. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு, திரிபுரா, மிஜோரம், புரூ பிரதிநிதிகள் என்று நால்வரும் கையெழுத்திட்டார்கள். சுமார் 34,000 பேர் திரிபுராவிலேயே குடியேறலாம். 600 கோடி ரூபாய் திட்டம். குடும்பத்துக்கு 30க்கு 40 அடி மனை, வீடு கட்ட ஒன்றரை லட்சம், வங்கியில் 4 லட்சம் வைப்புத்தொகை, இரண்டு வருடங்களுக்கு மாதம் 5,000 ரூபாயும் இலவச ரேஷனும். பணம் டெல்லியுடையது, நிலம் மாநிலத்துடையது. அடுத்த நவம்பரில், எத்தனை குடும்பங்களை எங்கள் பகுதியில் குடியேற்றுவீர்கள் என்று கேட்டு காஞ்சன்பூர் பக்கத்து உள்ளூர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பானிசாகரில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். போராடியவர்களில் வங்காளிகளும் இருந்தார்கள், மிஜோக்களும் இருந்தார்கள். அந்த வங்காளிகளில் எத்தனை பேரின் தாத்தாக்கள் எல்லை தாண்டி அகதியாக வந்து திரிபுராவில் இறங்கியவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் தண்டகாரண்யத்தின் கணக்கைக் காட்ட மல்கான்கிரியின் தண்ணீரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சீலேறு ஆற்றின் குறுக்கே ஒரிஸாவும் ஆந்திராவும் சேர்ந்து கட்டியது பாலிமேலா அணை. அதன் மின்நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீரைத் திருப்பி உருவாக்கியது போட்டேரு பாசனத் திட்டம். எம்.வி. ஊர்களின் வயல்கள் பலவற்றுக்கு நிலையான பாசனம் அதிலிருந்துதான் வந்தது. குடியேறியவர்கள் கேட்டதிலேயே உருப்படியாக நிறைவேறியது அது ஒன்று.

அதே அணையின் நீர்த்தேக்கம் மலைப்பக்கம் இருந்த 151 பழங்குடி கிராமங்களை வெளியுலகத்திலிருந்து துண்டித்தது. ‘கட் ஆஃப் ஏரியா’ என்பதே அந்தப் பகுதியின் அரசாங்கப் பெயராகிவிட்டது. நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ரேஷன் அரிசியும் படகில்தான் போய் வந்தார்கள். பாலம் கட்ட 1982லேயே அடிக்கல் நாட்டினார்கள். 910 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2018 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது.